பங்களாவின் படங்களும் பெட்டகத்துக் காகிதங்களும்: ஆவணம் அடுக்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி மாதிரி தோட்ட நகரங்களில் பழைய ரப்பர் முதலாளிகளின் பங்களாக்கள் சில இன்னும் நிற்கின்றன. கூடத்தில் தஞ்சாவூர் ஓவியம், படிக்கட்டு ஓரம் ரவிவர்மா அச்சுப்படம், சாப்பாட்டு அறையில் பினாங்கு ஓவியர் யாரோ வரைந்த நீர்வண்ணக் கடற்கரை. பேரப்பிள்ளைகள் வீட்டை விற்க முடிவு செய்தால் படங்களுக்கு உடனே ஆள் வந்துவிடும். காகிதங்களுக்குப் பழைய பேப்பர் லோரிதான் வரும். அந்த லோரிக்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டிருந்தால் மேலே படியுங்கள்.

புதியவர்கள் முதலில் செய்வது அழகான காகிதங்களைப் பொறுக்கித் தனியே வைப்பது. ஓவியர் கடிதம், கண்காட்சி அழைப்பிதழ், பழைய புகைப்படம் எல்லாம் ஒரு பக்கம். "வெறும் கணக்கு" இன்னொரு பக்கம். இதைச் செய்யவே கூடாது. படம் எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதற்கான சான்று பெரும்பாலும் ரப்பர் கணக்கில்தான் இருக்கும். பேரேட்டில் உரமூட்டைக்கும் லோரி வாடகைக்கும் நடுவே "சென்னை படம் 2, பிரேம் உட்பட" என்று ஒற்றை வரி கிடக்கும். அந்த வரியைப் பேரேட்டோடு சேர்த்துக் காப்பாற்றுவதே வேலையின் சாரம்.

எழுத்தில் அனுமதி

முதலாளி காலமாகியிருந்தால் காகிதங்கள் வாரிசுகள் அனைவருக்கும் உரியவை. "எடுத்துக்கோங்க தம்பி" என்று ஒருவர் சொன்னது போதாது. யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார், வீட்டை விட்டு எடுத்துப் போகலாமா, நகல் எடுக்கலாமா, பிறருக்குக் காட்டலாமா என்ற ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோயில் கணக்கும் தமிழ்ப்பள்ளி வாரியக் கூட்டக்குறிப்பும் அதே அலமாரியில் இருக்கும், ஏனென்றால் முதலாளிதான் தலைவராக இருந்திருப்பார். அவை குடும்பச் சொத்து அல்ல. தனியாகக் குறித்துவையுங்கள், எங்கே போகவேண்டும் என்பதைக் குடும்பமும் அந்தந்த நிர்வாகமும் பேசி முடிக்கட்டும்.

நிலப் பத்திரங்களின் மூலப் பிரதி கிடைத்தால் அன்றே குடும்பத்திடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கெடாவில் பழைய 'சூராட் புத்துஸ்' உரிமைப் பத்திரங்கள் ஜாவி எழுத்தில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாயில், இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று ஓரம் கட்டிவிடாதீர்கள். நில அலுவலகத்தில் சரிபார்க்கப் போவதென்றால் கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. கோலாலம்பூரிலிருந்து வரும் பிள்ளைகள் வாரம்தோறும் இதை மறப்பார்கள்.

தொடுவதற்கு முன் படம் பிடியுங்கள்

அறையின் வரைபடம் ஒன்று போடுங்கள். அலமாரிகளுக்கு அ, ஆ, இ. தட்டுகளுக்கு மேலிருந்து 1, 2, 3. கட்டுகளுக்கு இடமிருந்து வலமாக எண். எதையும் நகர்த்துமுன் ஒவ்வொரு தட்டையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பிறகு துண்டுச்சீட்டில் பென்சிலால் "ஆ-3-07" என்று எழுதிக் கட்டுக்குள் செருகுங்கள். ஒட்ட வேண்டாம்.

இவ்வளவு கறார் ஏன் என்றால், கிராணி (தோட்ட எழுத்தர்) அடுக்கிய ஒழுங்கே ஒரு தகவல். 1951ஆம் ஆண்டு வங்கிக் கடிதங்களுக்கு நடுவில் தேதியில்லாத ஒரு படக்கடை பில் இருந்தால், அதன் காலத்தை அந்த இடம்தான் சொல்கிறது. வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் பில். குடும்பத்துக் காகிதங்களை இன்னொரு குடும்பத்துடையதோடு கலக்காமல் இருப்பதும், உள்ளே இருந்த வரிசையைக் கலைக்காமல் இருப்பதும் ஆவணத்துறையின் இரண்டு அடிப்படை விதிகள். மற்றவை எல்லாம் வசதிக்காக.

வாங்க வேண்டியதும் தூக்கிப் போட வேண்டியதும்

2பி பென்சில், அகலமான மென்மயிர்த் தூரிகை, வெள்ளைப் பருத்தி நாடா, அமிலமற்ற கோப்புறைகள், என்95 முகக்கவசம், டிஜிட்டல் ஈரமானி இரண்டு. ஆவணப் பெட்டி வாங்க முடியாவிட்டால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பாலிபுரோப்பிலீன் பெட்டி போதும். பிவிசி கூடாது, அதிலிருந்து வரும் அமிலம் காகிதத்தையும் புகைப்படத்தையும் தின்னும். பருத்திக் கையுறை வேண்டாம்: விரலின் உணர்வு போய்த் தாள் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கையே நல்லது. புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை.

ரப்பர் பேண்டைக் கண்டால் வெட்டி எடுங்கள். ரப்பரால் வாழ்ந்த வீட்டில் ரப்பர் பேண்டே காகிதத்துக்கு எமன்: இறுகி, உருகி, கந்தகக் கறையை விட்டுப் போகும். செல்லோடேப் வேண்டாம். லேமினேஷன் அறவே வேண்டாம். திரும்பப் பிரிக்க முடியாது. அந்துருண்டையும் பூச்சி ஸ்பிரேயும் காகிதத்தின் மேல் படக்கூடாது. வேப்பிலை வைப்பது பாட்டி காலத்துப் பழக்கம்தான், ஆனால் பச்சை இலை கூடவே ஈரத்தையும் கொண்டுவரும்.

ஈரம், பூஞ்சை, பூச்சி

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டைத் தொடும். 65க்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை வளரும். 50, 55 என்று நிலையாக வைத்தால் நல்லது. முடியாவிட்டால் 60க்குக் கீழே, ஏறி இறங்காமல். பலர் செய்யும் தவறு, பகலில் வேலை செய்யும்போது ஏர்கான் போட்டு மாலையில் அணைத்துவிட்டுப் போவது. குளிர்ந்து கிடக்கும் காகிதத்தின் மேல் இரவில் ஈரக்காற்று படிந்து, ஏர்கானே இல்லாத அறையைவிட மோசமாகிவிடும். ஒன்று 24 மணி நேரமும் போடுங்கள், இல்லை போடவே வேண்டாம். ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் மெதுவாகச் சுற்றும் காற்றாடியும் செலவு குறைந்த வழி.

ஈரமானி பொய் சொல்லும். சோதிக்க, பாட்டில் மூடி ஒன்றில் உப்பை எடுத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து (கரையக்கூடாது), மானியோடு சேர்த்து ஜிப் பைக்குள் இரவு முழுக்க மூடிவையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது உயரத்தில், வெளிச்சுவரைத் தொடாமல் இருக்கட்டும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் தேக்கு அலமாரியின் பின்பலகையைக் கட்டாயம் பாருங்கள். கறையான் அங்கேதான் ஏறும்.

பூஞ்சை பிடித்த காகிதக் கட்டை மெல்ல விரலால் தொட்டுப் பாருங்கள். ஈஷினால் அது உயிரோடு இருக்கிறது. துடைக்கப் போனால் நாருக்குள் இறங்கிவிடும். முதலில் காற்றோட்டத்தில் காய வேண்டும், வெயிலில் அல்ல. பொடியாக உதிர்ந்தால் முகக்கவசம் போட்டு, வாசலில் காற்று உங்களிடமிருந்து விலகி அடிக்கும் பக்கமாகத் தூரிகையால் தள்ளுங்கள். வெள்ளத்தில் நனைந்த கட்டு 48 மணி நேரத்துக்குள் காயாது என்று தெரிந்தால் பிரிக்காமல் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

வெள்ளிப்பூச்சிக்கும் புத்தகப் புழுவுக்கும் ஃப்ரீசரே மருந்து. பாலித்தீனில் காற்றை வெளியேற்றி ஒட்டி, கழித்தல் 20 டிகிரியில் குறைந்தது ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் வேர்வை காகிதத்தில் படியும். கண்ணாடி நெகட்டிவ், பலகையில் செய்த தஞ்சாவூர் ஓவியம் இரண்டையும் ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கட்டைப் பிரிக்கும்போது

துருப்பிடித்த ஸ்டேப்பிளை இழுக்காதீர்கள். பின்பக்கக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, தாளுக்கும் கம்பிக்கும் இடையே பாலியெஸ்டர் துண்டைச் செருகி நெம்புங்கள். பிரித்த தாள்கள் ஒன்றாக இருந்தவை என்று காட்ட ஒரு மடிப்புத் தாளுக்குள் போடுங்கள்.

வெங்காயத்தாள் போல மெல்லிய பக்கங்களில் ஊதா எழுத்தாக இருப்பது கடித நகல் புத்தகம். முதலாளி அனுப்பிய கடிதங்களின் நகல் வேறெங்கும் கிடைக்காது, ஆகவே விலைமதிப்பற்றது. அந்த மை தண்ணீர் பட்டால் கரைந்தோடும், ஈரக்கையே ஆகாது. பழுப்பேறி எழுத்து வழியே தாள் விரிசல் விட்டிருந்தால் இரும்பு மை. மடிக்காமல் தட்டையாக வையுங்கள். நீலநிறத் தோட்ட வரைபடங்களை அமிலத்தை முறிக்க காரம் சேர்த்த கோப்புறையில் வைத்தால் நீலம் வெளுத்துவிடும். காரம் சேர்க்காததே வேண்டும். 1980, 90களின் ஃபேக்ஸ் தாளை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். நூறு வருடக் கணக்குப் புத்தகம் காத்திருக்கும், ஃபேக்ஸ் காத்திருக்காது. பிலிம் டப்பாவில் காடி வாசம் வந்தால் அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள்.

தேதியும் பணமும்

வேலை நின்றுபோவது இங்கேதான், எனவே நிதானமாக.

கணக்கில் ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. எண்கள் பழைய முறையில் ௩௱௭௰௫ என்று இருந்தால் 375. சில கணக்கப்பிள்ளைகள் புதிய முறையில் ௩௭௫ என்றே எழுதினார்கள். ஒரே பேரேட்டில் இரண்டும் வரும். பக்கத்தின் தலையில் தனியே நிற்கும் உ பிள்ளையார் சுழி. அதை 2 என்று படித்துப் பக்க எண்ணாகப் பதிந்த பட்டியல்கள் உண்டு.

தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால், தாது வருடம் என்றால் 1936 என்று எழுதிவிட முடியாது. தாது வருடத் தை மாதம் 1937 ஜனவரியில் விழும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை பெயர் திரும்பும் என்பதால் 1876உம் தாதுதான், 1996உம் தாதுதான். தாளையும் மையையும் பக்கத்துக் கடிதத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போர்க்காலம் கெடாவில் இன்னும் சிக்கல். 1942இல் ஜப்பானியர் ஆண்டு 2602 என்று இருக்கும். 1943 அக்டோபரில் கெடா சயாம் நிர்வாகத்துக்குப் போனது. அதன்பின் பௌத்த ஆண்டு 2486, 2487, 2488 வரும். பார்த்தால் பின்னோக்கிப் போனதுபோல் தெரியும். முன்னதில் 660ஐயும் பின்னதில் 543ஐயும் கழியுங்கள். ஜாவிப் பத்திரங்களில் ஹிஜ்ரி. தாளில் உள்ளதை உள்ளபடியே எழுதி, கணித்த ஆங்கிலத் தேதியைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். மாற்றி எழுதிய தேதி மட்டும் இருந்தால் பின்னால் வருபவர் தவறைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பணத்துக்கும் அதே எச்சரிக்கை. டாலர் குறி 1939க்கு முன் நீரிணைக் குடியேற்ற டாலர், பிறகு மலாயா டாலர், 1967 முதல் மலேசிய டாலர். ரிங்கிட் என்ற பெயர் 1975இல் அதிகாரபூர்வமானது. 1942 முதல் 1945 வரையிலான தொகைகள் ஜப்பானியர் அச்சிட்டு, பின்னர் மதிப்பிழந்த வாழைமர நோட்டில். 1945இல் படமொன்றுக்குப் பல்லாயிரம் என்று எழுதியிருந்தால் வாயைப் பிளக்க வேண்டாம்.

சென்னையில் வாங்கிய படத்தின் பில் ரூபாயிலும், இங்குள்ள பேரேட்டு வரி டாலரிலும் இருக்கும். இரண்டையும் பொருத்த ஒரு கணக்கு கைவசம் வேண்டும்: பிரிட்டிஷ் பணத்தில் டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ், ரூபாய் 1927இலிருந்து 1 ஷில்லிங் 6 பென்ஸ். எனவே 100 டாலருக்குச் சுமார் 155 ரூபாய். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பு இறக்கப்படும்வரை, போர்க்காலம் நீங்கலாக, இது ஒத்துவரும். 1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய்க்கு 16 அணா என்பதையும் மறக்க வேண்டாம். பேரேட்டில் 225 டாலர், பில்லில் 350 ரூபாய் என்றால் ஏறக்குறைய அதே கொள்முதல்தான்.

ஆட்களை அடையாளம் காண விலாசம் உதவும். செட்டியார் கடைகளில் மூன்று, நான்கு தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து விலாசமாக எழுதுவார்கள். நெற்குப்பையோ காரைக்குடியோ என்று ஊரை ஊகிக்காமல் விலாசத்தை அப்படியே ஒரு நோட்டில் அகரவரிசையில் சேர்த்துவாருங்கள். முகவர்கள் பொதுவாக மூன்று வருடத் தவணைக்கு வந்து போனவர்கள் என்பதால், கையெழுத்து மாறும் இடம் தவணை மாறிய இடமாக இருக்கலாம்.

வரிசையும் பட்டியலும்

குடும்பத்தின் எல்லாக் காகிதமும் சேர்ந்து ஒரு தொகுதி. அதன் கீழ் வரிசைகள்: தோட்டக் கணக்கு, வட்டிக்கடை, கடிதப் போக்குவரத்து, வழக்கும் வாரிசுரிமையும், வீட்டுச் செலவு, கலைப்பொருள், புகைப்படம். அதன் கீழ் கோப்பு. தேவைப்பட்டால் மட்டும் தனித்தாள். கலைப்பொருள் வரிசையில் அந்த வீட்டார் தாங்களே அப்படிச் சேர்த்துவைத்தவை மட்டும் வரட்டும். மற்ற இடங்களில் கிடைப்பதை அங்கேயே விட்டுவிட்டுக் குறுக்குக் குறிப்பு போதும்.

பன்னாட்டு ஆவண விவரிப்பு நெறி 26 விவரங்களைப் பட்டியலிடுகிறது. பயந்துவிடாதீர்கள், கட்டாயமானவை ஆறு: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த நிலை. இந்த ஆறையும் எல்லாக் கோப்புக்கும் முடித்துவிட்டு அப்புறம் ஆழமாகப் போங்கள். முதல் பெட்டியை மட்டும் தாள்தாளாக விவரித்துவிட்டு மற்றதைத் தொடாமல் நின்றுபோன முயற்சிகளே அதிகம். தலைப்பு "பல்வகை" என்று இருந்தால் அது தலைப்பே அல்ல.

படத்துக்கு ஒரு கோவை

இப்போது சுவருக்குப் போங்கள். ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் படம் பிடியுங்கள். பின்புறத்துச் சீட்டு, பிரேம் கடை முத்திரை, சாக்கட்டி எண் எதையும் சுரண்டக் கூடாது. அளவை பிரேமோடும் பிரேமில்லாமலும் எழுதுங்கள். பழைய பட்டியல்களில் எது என்று சொல்லியிருக்காது என்பதால் இரண்டும் இருந்தால்தான் பொருத்த முடியும்.

பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள். அதில் காகிதத்தை ஒட்டாமல் காகிதம் இருக்கும் எண்ணை மட்டும் எழுதுங்கள். எங்கே தேடுவது? பேரேட்டில், முதலில் ரப்பர் நல்ல விலை போன வருடங்களில்: கொரியப் போர்க்காலத்தில், 1951 தொடக்கத்தில், ராத்தல் 2 டாலரைத் தாண்டியது, கையில் பணம் புரண்ட காலம். காப்புறுதிப் பட்டியலில். கூடத்தில் எடுத்த கல்யாணப் புகைப்படங்களின் பின்னணியில். மிக முக்கியமாக, முதலாளி இறந்தபோது போட்ட மரணச் சொத்து வரிக் கோப்பில். மலேசியாவில் அந்த வரி 1991 நவம்பரில்தான் நீங்கியது. அதற்கு முன் இறந்தவர் என்றால் வீட்டுப் பொருள்கள் மதிப்போடு அதில் இருக்க நல்ல வாய்ப்புண்டு. வழக்கறிஞர் கடிதங்கள் சலிப்பாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

யோங் முன் சென், அப்துல்லா ஆரிஃப் போன்ற பினாங்கு ஓவியர்களின் பெயர் வந்தால் உற்சாகம் வேண்டாம். இருவரும் 1962இல் காலமானவர்கள். அதற்குப் பிந்திய தேதியிட்ட "ஓவியரிடமிருந்து நேரடியாக" என்ற குறிப்பு ஒத்துவராது. சோழமண்டல ஓவியர் கிராமம் 1966இல் தொடங்கியது, ஆகவே 1960 பில்லில் அந்தப் பெயர் வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

செப்புத் திருமேனி இருந்தால் தாள்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். இந்தியா 1947இலேயே தொல்பொருள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது; 1972ஆம் ஆண்டுச் சட்டம் 1976 ஏப்ரல் 5இல் நடைமுறைக்கு வந்தபின் நூறு வயது தாண்டிய சிலையைத் தனியார் வெளியே கொண்டுபோக வழியில்லை. எனவே கப்பல் ரசீதின் தேதி உயிர்நாடி. சுங்கத்தாளில் "பித்தளைச் சாமான்" என்று எழுதியிருப்பது தெரியாத எழுத்தராகவும் இருக்கலாம், தெரிந்தே எழுதியதாகவும் இருக்கலாம். பட்டியலில், தாளில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து எடுத்த கோயில் படிமப் படங்கள் திருட்டுச் சிலைகளை அடையாளம் காணப் பயன்பட்டிருக்கின்றன. சங்கடமான தாளைக் குடும்பம் எடுத்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சில வருடம் மூடிவைக்கலாம் என்று பேசலாம், அகற்றக் கூடாது.

ஸ்கேன்

எழுத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. மூலக் கோப்பு டிஃப், பார்க்கக் கொடுப்பது ஜேபெக். நிறத்தில் எடுத்த ஏ4 பக்கம் ஒன்று டிஃப்பில் சுமார் 26 எம்பி. ஆயிரம் பக்கம் 26 ஜிபி. வட்டு வாங்குமுன் பெருக்கிப் பாருங்கள். கோப்புப் பெயரில் வரிசை, கோப்பு, பக்கம் மூன்றும் எண்ணாக இருக்கட்டும்: 03-012-0001. வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் விட்டுப்போனதா வெறுமையா என்று தெரியாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஸ்கேன் முடிந்தது என்று மூலத்தைத் தூக்கிப் போட யாராவது சொன்னால் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குத் திறப்பது, எங்கே கொடுப்பது

செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு), கங்காணிக் கணக்கு, லயத்து வீட்டுப் பட்டியல், தோட்ட மருத்துவமனைக் குறிப்பு ஆகியவை கலைச் சேகரிப்போடு வந்தாலும் ஒதுக்கிவிட வேண்டாம். தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த வருடம் பேர் பதிந்தார் என்று தேடுவோர் பலர். பிறப்புப் பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு இந்தப் பதிவு ஒரு துணைச் சான்றாக உதவக்கூடும். ஆனால் நோய், கடன், அடையாள அட்டை எண் உள்ள பக்கங்களை இணையத்தில் போடக் கூடாது. தேடி வருபவருக்கு அவர் குடும்பத்து வரியை மட்டும் காட்டுங்கள்.

வீட்டில் வைக்க முடியாவிட்டால் தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. கலை சம்பந்தமானவற்றுக்கு 1958இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்தைக் கேட்கலாம், ஆனால் படக்கோவையை அங்கும் பேரேட்டை வேறெங்கும் என்று பிரித்துக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் தாள்களும் பிரியாமல் சென்னைக்குப் போனதால்தான் 1994இல் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் நிறுவ முடிந்தது. ஒப்பந்தத்தில் அன்பளிப்பா, ஒப்படைப்பா, இரவலா என்பதைத் தெளிவாக எழுதி, பெட்டிப் பட்டியலின் நகல் ஒன்றைக் குடும்பத்திடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொண்டு, லோரியில் ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டி எண்ணையும் பட்டியலில் டிக் அடியுங்கள். ஏ4 தாள் நிறைந்த பெட்டி 12 கிலோவுக்கு மேல் போகும். பேரேடுகளைப் பாதிப் பெட்டிதான் நிரப்ப வேண்டும்.